போனாகிப்போன டேப்லெட்

மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள் ரூ-யுன்.

"இப்ப?"

மேலேயிருந்து அ-ஹுங்கின் குரல் வந்தது. "போன்."

மறுபடி செருகினாள். "இப்ப?"

"போன்தான்."

"நடுவுல இருக்கிறது?"

"அதுவும் போன். மூணாவதும் போன். அக்கா, நீங்க அடியிலேயே இருந்துடுங்க. மேல வந்து இந்தக் கண்றாவியப் பாக்காதீங்க."

அவசரமாய் எழுந்ததில் மேஜை விளிம்பு மண்டையில் இடித்தது. தேய்த்துக்கொள்ள நேரமில்லை.

வெள்ளை மேஜையின் மேல் மூன்று டேப்லெட்டுகள், மூன்று இரும்புத் தாங்கிகளில் சாய்ந்து நின்றன. இன்னும் கடைக்கு வராதவை. பெயர்கூட அறிவிக்கப்படாதவை. ஒவ்வொன்றின் திரையும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். ஆனால் அந்த அகலத்துக்கு நடுவே போன் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் ஒளிர்ந்தது. எல்லாப் படங்களும் எழுத்துகளும் அதற்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இரண்டு பக்கமும் கும்மிருட்டு. பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டு ஒரே ஓர் அறையில் குடித்தனம் நடத்துவது போல.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சேடா!"

"இருந்துச்சு. இன்னிக்குக் காலையிலேருந்து தன்னைப் போன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. மனநல டாக்டர் யாரையாச்சும் கூப்பிடலாமா?"

"உன் சென்சார் எதுவோ கோளாறு."

"என் சென்சாரா? உங்க ஓஎஸ்ஸுக்குக் கிறுக்குப் பிடிச்சா என் சென்சார் என்னக்கா பண்ணும்?"

அ-ஹுங் வன்பொருள் பிரிவு. பேட்டரி, சர்க்யூட் பலகை, கண்ணாடி எல்லாம் அவன் பொறுப்பு. கண்ணாடிக்கு உள்ளே ஓடும் உயிர் அவளுடைய பொறுப்பு. அந்த உயிருக்கு 'லிங்' என்று பெயர். மலைமுகடு என்று அர்த்தம். தைப்பேயின் நெய்ஹு பகுதியில், எட்டாவது மாடியில், நாற்பது பேர் சேர்ந்து வளர்த்த இயங்குதளம். போனுக்காகப் பிறந்தது. முதல் பதிப்பு வந்தபோது திரைக்குக் கீழே அமுக்குவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. பொத்தான் போய் விரல் தேய்ப்பு வந்தது. போன் நீண்டது, மெலிந்தது, மடிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஈடுகொடுத்து லிங்கும் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மலையின் பெயர். முதலாவது யூஷான். இரண்டாவது ஷுவேஷான். நான்காவதற்கு சிலாய் என்று பெயர் வந்தபோது எல்லோரும் முகம் சுளித்தார்கள். ஆளை விழுங்கும் மலை அது. சொல்லிவைத்தாற்போல் அந்தப் பதிப்பும் அவர்களை விழுங்கித்தான் துப்பியது.

பெயர் வைப்பது யார் என்று எட்டாவது மாடியில் ஒருவருக்கும் தெரியாது. தலைவர் அலுவலகத்திலிருந்து வரும், அவ்வளவுதான்.

இப்போது ஏழாவது. பெய்தாவூ. முதல்முறையாக லிங் போனை விட்டு வெளியே வந்து டேப்லெட்டில் கால்வைக்கிறது.

இன்று மத்தியானம் கம்பெனித் தலைவர் யென் மேடம், ஜப்பானிலிருந்து வந்திருக்கும் இரண்டு கொள்முதல்காரர்களோடு இந்தத் தரைத்தளக் கூடத்துக்கு வருகிறார். டேப்லெட்டுகள் ஒழுங்காக நடந்துகொண்டால் லிங் பிழைக்கும். இல்லாவிட்டால்?

மேஜையின் கோடியில் சாம்பல் நிறத் துணி மூடிய நான்காவது டேப்லெட் ஒன்று இருந்தது. அதில் ஓடுவது லிங் இல்லை. வெளியிலிருந்து வாங்கும் இயங்குதளம். துணி விலகினால் லிங்குக்கு மூடுவிழா. எட்டாவது மாடியில் நாற்பது பேருக்கும் வீட்டுக்கு வழி.

ரூ-யுன் அந்தத் துணியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ண எடுத்துக்கிட்டு மேல போலாம்" என்றாள்.

லிஃப்டுக்குள் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கதவு மூடும்போதே அ-ஹுங் அவள் தோளைத் தட்டினான். "அக்கா. கீழ பாருங்க."

திரை முழுசாக விரிந்திருந்தது. படங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் ஹாயாக உட்கார்ந்திருந்தன. டேப்லெட், தான் டேப்லெட் என்று ஞாபகம் வந்ததுபோல் அமைதியாக ஒளிர்ந்தது.

எட்டாவது மாடியில் கம்ப்யூட்டரோடு இணைத்து அலசினாள். ஒரு குறையும் இல்லை. குலுக்கினாள், சாய்த்தாள், தலைகீழாகப் பிடித்தாள். அசையவில்லை. கீழே கொண்டுவந்து தாங்கியில் வைத்தாள்.

போன்.

கையில் எடுத்தாள். டேப்லெட்.

வைத்தாள். போன்.

"குழந்தை இடுப்புல இருந்தா சிரிக்குது, எறக்கிவிட்டா அழுவுது" என்றான் அ-ஹுங். "யென் மேடம் வர்ற வரைக்கும் நாம மூணு பேரையும் தூக்கி வெச்சுக்கிட்டே நின்னா என்ன?"

"வாய மூடு. தாங்கிதான் கோளாறு. வேற தாங்கி இருக்கா?"

"ஸ்டோர்ல இருக்கு."

புதிய தாங்கிகள் வந்தன. இருவரும் மேஜைக்குப் பின்பக்கம் போனார்கள். சுவரில் மாட்டிய கம்பெனிப் பலகைக்கும் மேஜைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்குமளவுதான் இடம். ஒவ்வொரு தாங்கியின் முதுகிலும் ஒரு பச்சைப் பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்தது. தேங்காய்ச் சுவையில் மொறுமொறுவென்று குழந்தைகள் தின்னும் தீனி. மெஷின் இருக்கும் இடத்தில் அது இருந்தாக வேண்டும் என்பது ஊரெல்லாம் உள்ள நம்பிக்கை. இருந்தால் மெஷின் அடம்பிடிக்காமல் சமர்த்தாக இருக்கும். பச்சைதான் வேண்டும், மஞ்சள் ஆகாது, சிவப்பு ஆகவே ஆகாது. தேதி கடந்திருக்கக் கூடாது. பிரித்துத் தின்னவே கூடாது. வங்கியின் பணமெஷின் முதல் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறை வரைக்கும் எங்கே பார்த்தாலும் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. யாரும் அதைத் தொடுவதுமில்லை.

அ-ஹுங் பழைய தாங்கியிலிருந்து பொட்டலத்தை இரண்டு கையாலும் பூப்போல எடுத்தான். "கோச்சுக்காதீங்க, ஒரு நிமிஷம்" என்று அதனிடமே சொன்னான். புதுத் தாங்கியின் முதுகில், அதே இடத்தில், பத்திரமாக ஒட்டவைத்தான். மூன்றையும் அப்படியே மாற்றினார்கள். டேப்லெட்டுகளை வைத்தார்கள்.

போன். போன். போன்.

ரூ-யுன் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சார்ஜர் இல்லை. தாங்கி இல்லை. சாய்மானம் இல்லை, அதே சாய்வில் கையில் பிடித்தால் டேப்லெட். கூடத்தின் ஒளித்திரையை அணைத்தாயிற்று. வைஃபையை நிறுத்தியாயிற்று. ஏசியைக்கூட நிறுத்திப் பார்த்தாயிற்று. வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். வெளியே, பிளம் பழுக்கும் பருவத்து மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

'எனக்குத் தெரியாம இதுக்குள்ள என்ன இருக்கு?' லிங்கின் முதல் வரியிலிருந்து கூட இருந்தவள் அவள். பெற்ற பிள்ளை திடீரென்று புரியாத மொழியில் பேசுவதுபோல் இருந்தது.

லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அ-ஹுங் கிசுகிசுத்தான். "லோ வர்றாரு."

லோ மென்பொருள் பிரிவின் இயக்குநர். முதல் மாடிக்குக்கூட லிஃப்டில்தான் போவார். படியேறி யாரும் பார்த்ததில்லை. சட்டை எப்போதும் கசங்காமல் இருக்கும். ஒருகாலத்தில் ரூ-யுன்னுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அவளோடு நிரல் எழுதியவர். மேலே போனபிறகு ஆளே மாறிவிட்டார். போன வருஷம் எட்டாவது மாடியில் இருந்த பச்சைப் பொட்டலங்களையெல்லாம் அள்ளி ஒரு பெட்டியில் போடவைத்தவர் அவர்தான். "நாம எழுதறது புரோகிராம். மந்திரம் இல்ல" என்று சொன்னார். அன்றைக்கு யாரும் அவரோடு சாப்பிடப் போகவில்லை. போன வாரம் வெளி இயங்குதளக்காரர்கள் வந்தபோது வாசலில் நின்று வரவேற்றவரும் அவர்தான்.

"எல்லாம் ரெடியா?" என்றார்.

ரூ-யுன் குறுக்கே வந்து நின்று திரைகளை மறைத்தாள். "ரெடி சார்."

"நாலாவது டேப்லெட்டுக்கு சார்ஜ் இருக்கா?"

அவள் சாம்பல் துணியைத் திரும்பிப் பார்த்தாள். "அது எதுக்கு சார் இப்ப?"

"கேட்டா சொல்லு."

"இருக்கு."

அவர் கண்கள் மேஜைக்குப் பின்னால் ஒருமுறை போய்வந்தன. தலையாட்டினார். திரும்பிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா?" என்றான் அ-ஹுங். "நம்ம கல்யாணத்துக்கு வந்துட்டு அடுத்தவன் பொண்ணுக்குப் பூ வாங்கிக்கிட்டுப் போறாரு."

மத்தியானச் சாப்பாடு டப்பாவில் வந்தது. பன்றிக்கறி வறுவல், பாதி முட்டை, ஊறுகாய் முள்ளங்கி. அ-ஹுங் மேஜைக்குப் பின்னாலேயே காலை ஒடுக்கி உட்கார்ந்து சாப்பிட்டான். ரூ-யுன்னுக்குச் சோறு இறங்கவில்லை. பால் டீயின் அடியில் கிடந்த மரவள்ளி உருண்டைகளை உறிஞ்சு குழலால் குத்திக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுங்கக்கா. வேலை போனாலும் வயிறு போகாது."

"ஒனக்கு வேற எடத்துல வேலை கெடைக்கும். லிங்குக்குக் கெடைக்குமா?"

அவன் மென்றுகொண்டே டேப்லெட்டுகளின் முதுகை அண்ணாந்து பார்த்தான். "நீங்க பொட்டலம் வெச்சும் கேக்கலியே. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. பொட்டலத்துக்கே அடங்காத மெஷின நான் பாத்ததில்ல."

ரூ-யுன் குழலை நிறுத்தினாள். "நான் எங்கடா வெச்சேன்?"

"நீங்கதானே வெச்சீங்க? காலையில நான் வர்றப்பவே இருந்துச்சு."

"நான் வர்றப்பவும் இருந்துச்சு. நீ வெச்சேன்னு நெனச்சேன்."

"நானா? லோ கண்ணுல பட்டா என்னைத் தோலுரிச்சுருவாரு. நீங்க தைரியசாலி, நீங்கதான் வெச்சிருப்பீங்கன்னு நான்..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, மூன்று பொட்டலங்களையும் பார்த்தார்கள். அன்று காலையிலிருந்து முதல்முறையாக, உண்மையிலேயே பார்த்தார்கள்.

பச்சை. சரிதான். தேதி? தள்ளித்தான் இருந்தது. கிழியவில்லை, பிரிக்கவில்லை. எல்லாம் முறைப்படி.

"எதால ஒட்டியிருக்கு?" என்றாள்.

"என்னமோ கிளிப்பு மாதிரி. நான் எங்க பாத்தேன்? அப்படியே எடுத்தேன், அப்படியே வெச்சேன்."

தொடலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது. பிறகு நடுத் தாங்கியின் பொட்டலத்தைப் பிடித்து இழுத்தாள். வரமாட்டேன் என்று எதிர்த்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சட்டென்று விட்டது. மேஜைக்கு முன்பக்கம் வெளிச்சம் மாறியது. அ-ஹுங் எட்டிப் பார்த்தான். அவன் வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"டேப்லெட்!"

அவள் கையைக் கிட்டே கொண்டுபோனாள். பொட்டலம் தானாகத் தாவி, டக்கென்று இரும்பில் ஒட்டிக்கொண்டது.

"போன்!"

"காந்தம்" என்றாள் ரூ-யுன். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இது காந்தம்டா."

ஒரே நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்தது. இரண்டாவது பதிப்பு. ஷுவேஷான். அப்போதைய போனுக்கு மூடிபோட்ட கவர் ஒன்று வந்தது. மூடியில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருக்கும். மூடியின் ஓரத்தில் குட்டிக் காந்தம். மூடினால் போனுக்குள் இருக்கும் உணரி காந்தத்தைக் கண்டுபிடித்து லிங்குக்குச் சொல்லும். உடனே லிங் திரை முழுவதையும் அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு நேரே இருக்கும் கீற்றில் மட்டும் மணியும் அழைப்பும் காட்டும். ஒரு வருஷம் ஊரெல்லாம் அந்தக் கவர்தான். அப்புறம் யாரும் சீந்தவில்லை. கவர் போனது. காந்தம் போனது. ஆனால் அந்த நிரல்?

"யாரும் அழிக்கல" என்றாள். "மனுஷனுக்கு வால் போயும் வால் எலும்பு மிஞ்சின மாதிரி, உள்ளேயே கெடந்திருக்கு. ஒவ்வொரு பதிப்பிலயும் கூடவே வந்திருக்கு. காந்தத்தப் பாத்ததும் 'மூடிட்டாங்க, ஜன்னல் தெறக்கணும்'னு முழிச்சுக்கிட்டு எந்திரிச்சிருக்கு. அந்தச் சின்னப் போன்ல ஜன்னல் வெரலகலம். இந்தத் திரையில அதே கணக்கு போன் அகலமா ஆயிருச்சு."

"என் சென்சாரும் அதே மூலையிலதான் இருக்கு. பழைய வரைபடத்தையே வெச்சுக்கிட்டோம்." அ-ஹுங் முகம் மலர்ந்தது. "அப்ப மூணு காந்தத்தையும் எடுத்துட்டா முடிஞ்சுது! அக்கா, பொழச்சோம்!"

ஆனால் அவள் முகம் மலரவில்லை.

"இந்த ஜன்னல் சங்கதி யாருக்குத் தெரியும்?" என்றாள். "ஒனக்குத் தெரியாது. மேல இருக்கிற நாற்பது பேருக்கும் தெரியாது. இத ரெண்டே பேருதான் எழுதினோம்."

"யாரு?"

"நானு. அப்புறம் லோ."

அ-ஹுங் டப்பாவைக் கீழே வைத்தான்.

"சரியா அந்த மூலையில, மூணுலயும் காந்தம்" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். "பொட்டலத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சா எவனும் தொடமாட்டான்னு தெரிஞ்சு. பொட்டலமே கூடாதுன்னு பெட்டியில போட்ட ஆளு. நாலாவது டேப்லெட்டுக்கு சார்ஜ் இருக்கான்னு கேட்டுட்டுப் போறாரு."

"அக்கா, அவ்ளோ கெட்டவரா என்ன?"

"எனக்குத் தெரியலடா. எனக்கு ஒண்ணுமே புரியல."

மூன்று பொட்டலங்களையும் காந்தத்தோடு எடுத்தாள். குப்பையில் போட மனம் வரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். யென் மேடம் வருவதற்குள் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

எழுவதற்கும் நேரமில்லாமல் போயிற்று. கண்ணாடிக் கதவு திறந்தது. நனைந்த குடைகளும் பேச்சுச் சத்தமும் உள்ளே வந்தன. யென் மேடம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

ஐம்பதைத் தாண்டியவர். கோட்டுக்குக் கீழே ஓட்டக்காலணி போட்டிருப்பார். பின்னால் இரண்டு ஜப்பானியர்கள். அவர்களுக்குப் பின்னால் லோ.

"எங்கம்மா நம்ம பொண்ணுங்க?" என்றார் யென். "காட்டு பாக்கலாம்."

முதல் டேப்லெட் சமர்த்தாக இருந்தது. திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வரைந்து, மறுபக்கம் படம் ஓட்டிக் காட்டினாள் ரூ-யுன். ஜப்பானியர்கள் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் வாய் பேசிக்கொண்டிருந்தது; கண் லோவின் மேலேயே இருந்தது.

லோவின் முகம் வெளுத்திருந்தது. மேஜையின் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மெல்ல நகர்ந்து, ஒருக்களித்துப் பின்னால் போனார். காலணிக் கயிறு கட்டுவதுபோல் குனிந்தார். அவர் காலணியில் கயிறு கிடையாது; கை அட்டைப்பெட்டிக்குள் போனது.

யென் நடு டேப்லெட்டில் விரல் வைத்தார். "பெரிசாத்தான் இருக்கு. வீட்டுக்காரர் கண்ணாடி இல்லாம..."

டக்.

திரை சுருங்கியது. அவர் விரல் இருட்டில் நின்றது.

"இது என்ன?" என்றார் யென். "இது போன்தானே?"

ஜப்பானியர்களில் ஒருவர் தன் துணையிடம் ஏதோ முணுமுணுத்தார். மேஜைக்குப் பின்னால் லோ சிவந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

ரூ-யுன் யோசிக்கவில்லை. பின்பக்கம் பாய்ந்து, தாங்கியின் முதுகிலிருந்த பச்சைப் பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். எல்லோர் கண்ணுக்கு முன்னாலும்.

கூடமே மூச்சை இழுத்தது. அ-ஹுங் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏய்!" யென் மேடத்தின் குரல் கூரையில் மோதியது. "பொட்டலத்தை எதுக்கு எடுக்கறே? மெஷின் ஓடிக்கிட்டு இருக்கறப்ப யாராவது எடுப்பாங்களா? முதல்ல வை அதை!"

"மேடம், இதாலதான்..."

"வைன்னா வை!"

ஒரு கணம் அவளுக்கு உலகமே தலைகீழாகத் தெரிந்தது. பொட்டலத்தின் முதுகில் கைவைத்துக் காந்தத்தைக் கழற்றினாள். வெறும் பொட்டலத்தை டேப்லெட்டின் மேல்விளிம்பில் மெதுவாக உட்காரவைத்தாள்.

திரை முழுசாக விரிந்தது. விரிந்தபடியே நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் யென், ஜப்பானியர்களைத் திரும்பிப் பார்த்து. "வெச்சதும் சரியாப் போச்சு."

"அது இல்ல மேடம். இது." ரூ-யுன் உள்ளங்கையை விரித்தாள். "காந்தம். இரண்டாவது பதிப்புல கவருக்காக எழுதின ஜன்னல் புரோகிராம் இன்னும் உள்ள இருக்கு. காந்தத்தக் கண்டா அது முழிச்சுக்குது. அது தெரிஞ்சவங்க இந்தக் கட்டடத்துலயே ரெண்டு பேரு." மூச்சு வாங்கியது. "நான் வைக்கல."

எல்லோரும் லோவைப் பார்த்தார்கள். லோ காந்தத்தைப் பார்த்தார். பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது.

"ஜன்னலா?" என்றார் மெதுவாக. "அதை... நீ அழிச்சிடல?"

"நானா? நீங்க அழிச்சிட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

"நீ அழிச்சிருப்பேன்னுதானே நான் அந்தப் பக்கமே போகல..."

அவர் முகத்தில் இருந்தது குற்றவாளியின் முகம் இல்லை. காலையிலிருந்து அவள் இருண்ட திரையில் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். ஒன்றுமே புரியாதவரின் முகம்.

"பொட்டலம் நிக்கல" என்றார், யாருக்கென்று இல்லாமல். "விடியக்காலையில வந்து வெச்சேன். ஏசிக் காத்துக்கு விழுந்துக்கிட்டே இருந்துது. விழுந்து கெடந்தா நல்லதில்லையேன்னு, வீட்டுக்குப் போயி காந்தம் எடுத்துட்டு வந்தேன்." தலையைக் குனிந்துகொண்டார். "இன்னிக்கு இது இல்லாம எப்படி விடறது?"

"மந்திரம் இல்லேன்னு சொன்ன மனுஷன்!" என்று அ-ஹுங் தன்னையறியாமல் உரக்கச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"அப்ப நாலாவது டேப்லெட்?" என்றாள் ரூ-யுன்.

"அதை வைக்கச் சொன்னதும், சார்ஜ் பாக்கச் சொன்னதும் நான்" என்றார் யென். "இவரு அது வேண்டாம்னு ஒரு வாரமா என்கிட்ட சண்டை போட்டாரு."

ஜப்பானியர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமினார். டேப்லெட்டின் மேல் உட்கார்ந்திருந்த பச்சைப் பொட்டலத்தை மரியாதையோடு சுட்டிக்காட்டி, உடைந்த சீனத்தில் கேட்டார். "இதுவும் சேத்துத்தான் குடுப்பீங்களா?"

முதலில் சிரித்தது யென். பிறகு அ-ஹுங். பிறகு கூடம் முழுவதும். யென் நடந்துபோய், மேஜையின் கோடியிலிருந்த நான்காவது டேப்லெட்டைத் துணியோடு எடுத்து அ-ஹுங்கின் கையில் திணித்தார்.

"இதைக் கொண்டுபோய் ஸ்டோர்ல வை. ரூ-யுன், அந்த வாலெலும்பை இன்னிக்கே அறுத்து எறி."

"சரி மேடம்." அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

கையிலிருந்த காந்தத்தை அப்போதுதான் திருப்பிப் பார்த்தாள். குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டும் சாதாரண அலங்காரக் காந்தம். மலையேறிவிட்டு வருபவர்களுக்கு மலையடிவாரத்து விடுதிகளில் விற்பது. பனி மூடிய ஒரு முகடு அச்சிட்டிருந்தது. கீழே பெயர்: ஷுவேஷான். குனிந்து அட்டைப்பெட்டியிலிருந்து மற்ற இரண்டையும் எடுத்தாள். ஒன்று சிலாய். இன்னொன்று பெய்தாவூ, வண்ணம் மங்காமல் புத்தம் புதிதாக.

லிஃப்ட் இல்லாமல் முதல் மாடிக்குப் போகாத மனிதரை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

யென் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் ஏதோ ஞாபகம் வந்தாற்போல் நின்றார். ரூ-யுன்னைத் தாண்டி லோவைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா, எட்டாவதுக்கு என்ன பேரு வைக்கப்போறே?"

லோ முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இன்னும் ஏறலை, மேடம்."